தொட்டி கலங்கினால் முதலில் ஒரு டம்ளர் எடுங்கள்

சென்னை கொளத்தூர் மீன் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாங்கிய இரண்டடி மீன்தொட்டி, சரளை, நாலு கட்டுச் செடி, எட்டு கப்பி மீன் எல்லாவற்றையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி வந்து, அன்றைக்குச் சாயங்காலமே தண்ணீர் நிரப்பி மீனையும் விட்டவன் நான். செவ்வாய் வரைக்கும் கண்ணாடி மாதிரி இருந்தது. புதன்கிழமை காலை ஹால் விளக்கைப் போட்டால், தொட்டிக்குப் பின்னால் ஒட்டியிருந்த நீலத்தாளைக் காணவில்லை. அரிசி களைந்த தண்ணீர் நிறம். "ராத்திரி பால் கீல் கொட்டிட்டீங்களா?" என்றாள் மனைவி.

அடுத்த பத்து நாளில் மூன்று தடவை தொட்டியைக் காலி செய்தேன். சரளையை வாளியில் போட்டு அலசினேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து புதுசு போல ஆக்கினேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் பளிச்சென்று இருந்துவிட்டு மறுபடி வெளுத்தது. மூன்றாவது கழுவலுக்குப் பிறகு கப்பிகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன. எட்டில் ஐந்து போய்விட்டன. கலங்கல்தான் கொன்றது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கழுவிய கழுவல்தான் கொன்றது என்று புரிய அடுத்த தொட்டி வரை ஆயிற்று.

கலங்கல் எல்லாம் ஒன்றல்ல. எது என்று தெரியாமல் கை வைக்கவே கூடாது. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டியின் நடுமட்டத்திலிருந்து தண்ணீர் மொண்டு, சமையலறை மேடையில் ஆடாத இடமாகப் பார்த்து ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துப் பாருங்கள். அடியில் மெல்லிய வண்டல் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது மண், சரளைத் தூசி. வைத்தது வைத்தபடி கழுநீராகவே நின்றால் பாக்டீரியா. தாளில் லேசாகப் பச்சை அடித்தால் பாசி. டீ நிறத்தில், ஆனால் ஊடுருவிப் பார்க்கும்படி தெளிவாக இருந்தால் உள்ளே போட்ட மரக்கட்டையின் சாறு.

கடைசியில் சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. கட்டையிலிருந்து வரும் டேனின் மீனுக்குக் கெடுதல் செய்யாது. நிறம் பிடிக்கவில்லையென்றால் கட்டையைக் கொதிக்க வைத்து, ஒரு வாரம் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றிய பிறகு வையுங்கள். ஃபில்டரில் ஒரு பொட்டலம் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டாலும் இழுத்துவிடும்.

மண் கலங்கல் முதல் நாளே தெரியும். இது பெரும்பாலும் நாம் தண்ணீர் ஊற்றுகிற விதத்தில் வருவது. சரளையை வாங்கி வந்ததும் வாளியில் கால்வாசி மட்டும் போட்டு, அரிசி களைவது போலக் கையால் கிளறி, வடிக்கும் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். எனக்குப் பன்னிரண்டு வாளி ஆயிற்று. ஆனால் செடிக்கென்று விற்கும் அக்வா சாயில் உருண்டைகளைக் கழுவவே கூடாது. அவை சுட்ட மண், அலசினால் கரைந்து சேறாகிவிடும். நிரப்பும்போது மண்ணின் மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் கவரை விரித்து, மக்கில் மொண்டு கவரின் மேல் மெதுவாக விடுங்கள். மூன்று விரல் அளவு நிரம்பியதும் நிறுத்திவிட்டுச் செடி நடுங்கள். அப்புறம் மீதியை நிரப்பலாம். முழுத்தொட்டியில் முழங்கை வரை கைவிட்டு நட்டால் நட்ட செடி மிதக்கும், மண் கிளம்பும்.

நான் இரண்டாவது தொட்டியில் சலித்த செம்மண் ஓர் அங்குலம் போட்டு, மேலே சரளை மூடியிருந்தேன். ஒரு நாள் வாலிஸ்நேரியா கோணலாக இருக்கிறது என்று பிடித்து இழுத்தேன். வேரோடு ஒரு பிடி செம்மண்ணும் வந்து, ஐந்து நிமிடத்தில் தொட்டி பாலாற்று வெள்ளம் ஆனது. மண் தொட்டியில் செடியை இழுக்கக் கூடாது, கத்தரிக்கோலால் சரளை மட்டத்தில் நறுக்க வேண்டும். மிதக்கும் தூசியைப் பிடிக்க ஃபில்டரில் தலையணைக்கு அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு ஒரு கைப்பிடி போதும். ஓரிரு நாளில் அழுக்கானதும் அதைத் தூக்கிப்போட்டு வேறு வையுங்கள்.

சரி, இப்போது அந்த வெள்ளைக்கு வருவோம்.

புதுத் தொட்டியில் இரண்டு கூட்டம் பாக்டீரியா குடியேறுகிறது. ஒன்று, தண்ணீரில் மிதந்துகொண்டு அழுகல், மிச்சத் தீனி ஆகியவற்றிலிருந்து கரைவதைத் தின்பது. சாப்பாடு இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகும். நாம் பார்க்கிற வெள்ளை இதன் கூட்டம்தான். இன்னொன்று, சரளையிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டிக்கொண்டு மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது. இது இரட்டிக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். தொட்டி நிலைக்க 4 முதல் 6 வாரம் என்று சொல்வது இதனால்தான். நான் குழாயடியில் ஸ்பாஞ்சைப் பிழிந்தபோது குளோரின் தண்ணீரில் போனது இந்த மெதுவான கூட்டம். திரும்பி வந்தது வேகமான கூட்டம். அமோனியா ஏறிக்கொண்டே இருந்தது, அதைத் தின்ன ஆளில்லை.

அதனால் வெள்ளை வந்தால் ஃபில்டரைத் தொடாதீர்கள், சரளையைக் கிளறாதீர்கள். பொதுவாக ஒரு வாரம், பத்து நாளில் தானாகத் தெளியும். அதுவரை செய்ய வேண்டியது அதன் சாப்பாட்டை நிறுத்துவது. எங்கிருந்து சாப்பாடு வருகிறது என்று பாருங்கள். எனக்குச் செடியிலிருந்து வந்தது. கட்டாக விற்கும் செடிகளை ஸ்பாஞ்சும் ஈயத் துண்டும் சுற்றித் தருகிறார்கள். அதை அப்படியே சரளைக்குள் சொருகியிருந்தேன். ஒரு செடிக்கட்டை உருவிப் பார்த்தால், சுற்றிய இடத்தில் தண்டு கறுத்து, விரலில் கொழகொழவென்று வந்தது, கூவம் வாடை. ஆகவே கட்டைப் பிரித்து, கறுத்த அடியை நறுக்கி, தண்டு தண்டாக ஓர் அங்குல இடைவெளியில் நடுங்கள். சின்னப் பிளாஸ்டிக் கப்பில், ராக்வூல் என்கிற பஞ்சோடு வரும் செடி என்றால் அந்தப் பஞ்சை முழுக்கப் பிரித்தெடுங்கள்.

கடைச் செடிகள் பலவும் தண்ணீருக்கு மேலே வளர்ந்தவை. உங்கள் தொட்டியில் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுத்தான் நீருக்கடி இலை விடும். கிரிப்டோகோரைன் இதில் மோசம், இரண்டே நாளில் மொத்த இலையும் கரைந்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள், வேர் இருந்தால் வரும். கரைந்த இலையை மட்டும் தினமும் எடுத்துவிடுங்கள்.

மீன் ஏற்கெனவே உள்ளே இருந்தால் இரண்டு நாளைக்கு ஒருமுறை, ஒரு சிட்டிகை தீனி. பட்டினியால் செத்த கப்பியை நான் பார்த்ததில்லை, தீனியால் செத்ததைப் பார்த்திருக்கிறேன். ஏர் பம்ப் ராத்திரியும் ஓடட்டும். மிதக்கும் பாக்டீரியா ஆக்சிஜனை வாங்கிக்கொள்கிறது, நம் ஊர் வெயிலோ தண்ணீரில் ஆக்சிஜனைக் குறைத்துவிடுகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். கரண்ட் போகிற ஏரியா என்றால் பேட்டரி பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

அமோனியா டெஸ்ட் கிட்டுக்குச் செலவழியுங்கள், அலங்காரப் பொம்மைக்கு வேண்டாம். எங்கள் வீட்டு போர்த் தண்ணீரின் பிஹெச் 8. 30 டிகிரியில் அந்தத் தண்ணீரிலுள்ள அமோனியாவில் சுமார் 7 சதவீதம் விஷமான வடிவில் இருக்கும். அதுவே பிஹெச் 7 என்றால் 1 சதவீதம்கூட இல்லை. அக்வா சாயில் போட்டவர்களுக்கு முதல் சில வாரம் மண்ணே அமோனியா விடும். மீன் இருக்கும் தொட்டியில் கிட் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்டினால், கலங்கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கால்வாசித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். கழுவலும் இதுவும் வேறு வேறு. ஸ்பாஞ்சும் சரளையும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். புதுத் தண்ணீரை வாளியில் ஒரு நாள் வைத்து ஊற்றுங்கள். அவசரம் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு விடலாம். அதில் பெரும்பாலும் இருப்பது பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொன்ன அதே சோடியம் தயோசல்பேட்தான்.

அம்மா ஊரிலிருந்து போன் பண்ணி, "படிகாரத்தை ஒரு சுத்து சுத்துடா, தெளிஞ்சிடும்" என்றாள். ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் ஊற்றி, குடத்தின் உள்ளே தேற்றாங்கொட்டையை உரசித் தெளிய வைத்த வீடு எங்களுடையது. குடத்துக்கு அது சரி. தொட்டியில் படிகாரம் பிஹெச்சை இறக்கும், அலுமினியம் மீனின் செவுளைப் பாதிக்கும். கொட்டையை உரசினால் பாக்டீரியாவுக்கு இன்னொரு வேளைச் சாப்பாடு. கடையில் ஒருவர் தந்த தெளிய வைக்கும் மருந்தும் என் தொட்டியில் ஒரு நாள்தான் தாங்கியது. கல் உப்பும் வேண்டாம், செடி வாடும்.

பச்சைக் கலங்கல் வேறு கதை. இது வெளிச்சமும் சத்தும் மிஞ்சுவதால் வருவது, தண்ணீர் மாற்றி மாளாது. விளக்கை 6 மணி நேரமாகக் குறையுங்கள். ஜன்னல் வெயில் படுகிறதா என்று பாருங்கள். தீரவில்லையென்றால் தொட்டியைப் போர்வையால் மூடி 4 நாள் இருட்டாக வைத்து, திறந்ததும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மூடியிருக்கும்போதும் ஏர் பம்ப் ஓட வேண்டும். வேகமாக வளரும் வேலம்பாசியும், மேலே இரண்டு மூன்று ஆகாயத்தாமரையும் சத்தை இழுத்துக்கொண்டால் பாசிக்கு மிச்சம் இராது. நாம் விரட்டுகிற இந்தப் பச்சைத் தண்ணீரை மீன்குஞ்சு வளர்ப்பவர்கள் ஆசை ஆசையாகச் சேர்த்து வைப்பார்கள், குஞ்சுக்கு முதல் தீனி அதில்தான் கிடைக்கிறது. பக்கத்தில் யாராவது இருந்தால் கொட்டுவதற்கு முன் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது தொட்டி ஐந்தாம் நாள் வெளுத்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பதிமூன்றாம் நாள் நீலத்தாள் தெரிந்தது. மீன் விட ஐந்தாவது வாரம் ஆயிற்று, அமோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யம் காட்டிய பிறகு. முதலில் மூன்று கப்பி. அடுத்த மூன்றுக்குப் பத்து நாள் கழித்துத்தான் கொளத்தூர் போனேன், பஸ்ஸில், ஒரே ஒரு கவரோடு.