‘டிக்ளைன்’ எங்கிருந்து வந்தது? ஒரு சொல்லின் பின்னால் போய்ப் பார்ப்பது எப்படி

டெல்டாவைப் பற்றி ஆங்கிலத்தில் யார் அறிக்கை எழுதினாலும் ‘டிக்ளைன்’ இல்லாமல் முடிப்பதில்லை. நிலத்தடி நீர் டிக்ளைன், குறுவைப் பரப்பு டிக்ளைன், மீன்பாடு டிக்ளைன், நாதஸ்வரம் கற்க வருகிறவர்கள் டிக்ளைன். அதே சொல் போனில் சிவப்புப் பொத்தானாக நிற்கிறது, கும்பகோணத்துத் துணிக்கடையில் அட்டையைத் தேய்த்தால் சில நேரம் மெஷினில் வந்து மானத்தை வாங்குகிறது, லத்தீனோ ஜெர்மனோ படிக்கப் போனால் முதல் மாதத்திலேயே இலக்கணப் பாடமாக எதிரே வருகிறது. ஒரே சொல்லுக்கு இத்தனை வேலை எப்படிச் சேர்ந்தது என்று தேடிப் பார்க்கும் வழியைத்தான் எழுதப் போகிறேன். மொழிபெயர்ப்பு செய்கிறவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், உள்ளூர்ச் செய்தி எழுதுகிறவர்களுக்கு இது உதவும்.

முதல் வேலை, அகராதியைத் திறக்காமல் இருப்பது. கண்ணில் படும் வாக்கியங்களை முதலில் சேருங்கள், சொல்லை மட்டும் எழுதாமல் முழு வாக்கியத்தையும், எங்கே எப்போது பார்த்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து சேர்ந்ததும் அவை தாமாகவே பிரியும். எண் குறைவது ஒரு பக்கம், உடம்போ கலையோ நலிவது ஒரு பக்கம், மரியாதையாக மறுப்பது ஒரு பக்கம், இலக்கணம் தனியாக. இப்படிப் பிரித்த பிறகு அகராதிக்குப் போனால்தான் எதைத் தேடுகிறோம் என்றே தெரியும். இல்லாவிட்டால் முதலில் கிடைத்த பொருளை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவோம்.

அப்புறம் எந்த அகராதி என்பதில் கவனம் வேண்டும். சாதாரண ஆங்கிலம்–தமிழ் அகராதி இன்றைய பொருளைத்தான் தரும், வரலாறு தராது. நமக்கு வேண்டியது வரலாற்று முறையில் செய்த அகராதி. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதி அப்படிப்பட்டது: 1857இல் பேச்சு தொடங்கி, 1884 முதல் பகுதி பகுதியாக அச்சாகி, 1928இல்தான் முழுமையடைந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் எந்த ஆண்டில் யார் எப்படி எழுதினார் என்று மேற்கோளோடு அடுக்கி வைத்திருப்பார்கள். அதற்குச் சந்தா கட்ட வேண்டும் என்பதுதான் சங்கடம், கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். காசில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் எட்டிமான்லைன் என்ற தளம் இருக்கிறது, ஆரம்பத்துக்கு அது போதும். 1755இல் முதலில் வெளிவந்த சாமுவேல் ஜான்சன் அகராதியின் பழைய பதிப்புகளையும் இணையத்தில் முழுதாகப் படிக்கலாம். தஞ்சாவூர்க்காரர்கள் இதற்காகச் சரஸ்வதி மகால் பக்கமே போகலாம், 1784இல் அச்சான ஜான்சன் அகராதி ஒன்று அங்கே இருக்கிறது. சரபோஜி மன்னர் சேர்த்த ஐரோப்பியப் புத்தகங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும், விட்டுவிடுகிறேன்.

ஜான்சனைத் திறந்து டிக்ளைனைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். சாய்தல், வழி விலகுதல், தவிர்த்தல், தேய்தல், சொல்லுக்கு உருபு ஏற்றுதல் எல்லாம் ஒரே தலைப்பின் கீழ் அருகருகே உட்கார்ந்திருக்கும். இதில் ‘வழி விலகுதல்’ என்பதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு யாரும் அந்தப் பொருளில் எழுதுவதில்லை, ஆனால் கதை அங்கேதான் தொடங்குகிறது.

இனி வேர். லத்தீனில் ‘டெக்ளினாரே’. ‘டெ’ என்றால் ஒன்றிலிருந்து அகன்று, ‘க்ளினாரே’ என்றால் சாய்த்தல், வளைத்தல். வேரைக் கண்டதும் அதன் உறவுக்காரர்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், இந்த வேலையில் ருசியான கட்டமே இதுதான். இன்க்ளைன், ரிக்ளைன் இரண்டும் கேட்டவுடனே தெரியும். கிளினிக் அதே குடும்பம், கிரேக்கத்தில் ‘க்ளினே’ என்றால் சாய்ந்து படுக்கும் கட்டில். கிளைமேட்டும் அதே குடும்பம்தான், ‘க்ளிமா’ என்பது பூமியின் சாய்வு, அந்தச் சாய்வை வைத்து ஒரு வட்டாரம், பிறகு அந்த வட்டாரத்தின் தட்பவெப்பம். ஆக கிளைமேட்டால் டிக்ளைன் என்று ஒரு அறிக்கையில் வந்தால் அண்ணனால் தம்பி என்று எழுதியது போலத்தான்.

இந்த இடத்தில் போலி உறவு சொல்லிக்கொண்டு வருகிறவர்களைக் கவனிக்க வேண்டும். டிகே, டெகடன்ஸ் இரண்டும் பொருளில் டிக்ளைனுக்கு நெருக்கம், ஆனால் வேர் வேறு: அவை ‘காடேரே’, அதாவது விழுதல், என்ற வினையிலிருந்து வந்தவை. பத்தாண்டைக் குறிக்கும் டெகேட் கிரேக்கத்துப் ‘பத்து’, அதற்கும் டெகடன்ஸுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஒலி ஒத்திருந்தால் உறவு என்று முடிவு கட்டும் பழக்கம் நம் ஊரிலும் நிறையவே உண்டு, வாட்ஸ்அப்பில் வரும் சொல்லாராய்ச்சியில் பாதி இந்த ரகம். இரண்டு சொல்லும் வெவ்வேறு காலத்தில் எப்படி எழுதப்பட்டன என்று பார்த்த பிறகுதான் உறவைப் பேச வேண்டும்.

சரி, வேர் தெரிந்துவிட்டது. அடுத்து, அந்த வேர் உயிரோடு இருந்த காலத்து வாக்கியம் ஒன்றையாவது தேடிப் படிக்க வேண்டும், மொழிபெயர்ப்பில் படித்தாலும் சரிதான். டிக்ளைனுக்கு என்னுடைய தேர்வு லுக்ரீஷியஸ், கி.மு. முதல் நூற்றாண்டு ரோமக் கவிஞர். அணுக்களைப் பற்றிய நீண்ட கவிதையில் அவர் சொல்வதன் சாரம் இது: அணுக்கள் வெற்று வெளியில் மழைத்துளி மாதிரி நேராகக் கீழே விழுந்துகொண்டிருக்கின்றன, எப்போதோ எங்கேயோ ஒன்று கொஞ்சம் விலகுகிறது, அந்த விலகலால்தான் ஒன்றோடொன்று மோதி உலகத்தில் எல்லாம் உண்டாகின்றன, விலகாவிட்டால் விழுந்துகொண்டே இருக்குமே தவிர எதுவும் பிறக்காது. அந்த விலகலுக்கு அவர் போடும் வினை டெக்ளினாரே. அதாவது அந்த இடத்தில் டிக்ளைன் வீழ்ச்சியே இல்லை, வீழ்ச்சியை முறிக்கிற காரியம். கல்லணையில் தண்ணீர் நேரே ஓடாமல் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் திரும்புகிறதே, அந்தத் திருப்பம்தான் இந்தச் சொல்லின் பழைய குணம்.

பழைய பொருள் முழுதாகச் செத்துவிட்டதா என்றும் சோதிக்க வேண்டும். அதற்குத் துறைச் சொற்களைப் பாருங்கள், பொதுப் பேச்சில் போன பொருள் அங்கே பிழைத்துக் கிடக்கும். திசைகாட்டியின் ஊசி உண்மையான வடக்கிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு விலகுகிறது என்பதை மேக்னடிக் டெக்ளினேஷன் என்கிறார்கள். ஊசி கீழ்நோக்கிச் சாய்ந்தால் அதற்கு டிப் என்று வேறு பெயர். பக்கத்துக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என்று அந்தத் துறை இன்னும் கணக்காகத்தான் வைத்திருக்கிறது.

பொதுப் பேச்சில் ஏன் கலந்தது? 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது விலகுதல், தாழ்தல் இரண்டுமே கூட வந்தன. பிறகு, முன்னால் இருந்த ‘டெ’யை மக்கள் ‘கீழே’ என்றே எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள், எடை முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. மறுத்தல் என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது, ஒரு விஷயத்திலிருந்து நாகரிகமாக ஒதுங்கிக்கொள்வது. அதனால் போனில் இருக்கும் சிவப்புப் பொத்தான்தான் அந்தப் பழைய ‘விலகு’வுக்கு நெருங்கிய வாரிசு. எலும்புருக்கி நோய்க்கும் ஒரு காலத்தில் டிக்ளைன் என்றே பெயர், பழைய ஆங்கில நாவல்களில் யாராவது டிக்ளைனில் விழுந்தால் அது காசநோய் என்று படித்துக்கொள்ளுங்கள்.

இலக்கணப் பொருள் டெல்டாவுக்கே சொந்தக்காரர் மாதிரி. கிரேக்கர்கள் பெயர்ச்சொல்லின் வேற்றுமையை ‘ப்டோசிஸ்’, அதாவது விழுதல், என்றார்கள், கண்ணிமை தொங்கிப்போனால் டாக்டர்கள் இன்றும் எழுதுவது அதே சொல். ரோமர்கள் அதை அப்படியே ‘காசுஸ்’ என்று மாற்றினார்கள், ஆங்கிலத்தில் கேஸ் ஆனது. முதல் வேற்றுமை நிமிர்ந்து நிற்கிறது, மற்றவை அதிலிருந்து சாய்ந்தவை, அந்தச் சாய்வை அடுக்கிச் சொல்வது டெக்ளினேஷன். இந்தச் சட்டகத்தோடுதான் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழைப் பார்த்தார். அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலேயில் அச்சானது. கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ், அதாவது பேச்சுத்தமிழ், இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியிலேயே அச்சேறியது. நம் இலக்கணத்திலோ முதல் வேற்றுமைக்கு எழுவாய் என்று பெயர். அங்கே விழுவது, இங்கே எழுவது. இதை வைத்துப் பண்பாட்டுப் பெருமை பேசலாம் என்று சிலருக்குக் கை அரிக்கும், பேசாமல் இருப்பது நல்லது. இரண்டும் இலக்கணக்காரர்கள் ஏதோ ஒரு பெயர் வேண்டுமே என்று வைத்தவை, மொழி பேசுகிறவர்களின் மனசைக் காட்டுபவை அல்ல.

தேடலில் அடுத்த கட்டம், அந்தச் சொல்லைப் பெரிதாக்கிய ஆளைக் கண்டுபிடிப்பது. எல்லாச் சொல்லுக்கும் இப்படி ஒருவர் கிடைக்க மாட்டார், டிக்ளைனுக்குக் கிடைக்கிறார்: எட்வர்ட் கிப்பன். ரோமப் பேரரசின் டிக்ளைனையும் வீழ்ச்சியையும் பற்றி ஆறு தொகுதி எழுதினார், முதல் தொகுதி 1776, கடைசி மூன்றும் 1788. அவருக்குப் பிறகு இந்தச் சொல்லுக்கு ஒரு கதை ஒட்டிக்கொண்டது என்பது என் கருத்து: முதலில் ஒரு பொற்காலம், பிறகு உள்ளுக்குள் தேய்மானம், கடைசியில் விழுதல். அதற்கப்புறம் எந்த நாட்டைப் பற்றி, எந்தக் கலையைப் பற்றி டிக்ளைன் என்று எழுதினாலும் இந்த மூன்று கட்டமும் சொல்லாமலே கூட வந்துவிடுகின்றன.

நமக்கு இதில் என்ன ஆபத்து என்றால், டிக்ளைன் என்ற சொல்லில் செய்தவன் பெயர் இருப்பதில்லை. 1781இல் ஹைதர் அலியின் படை தஞ்சைச் சீமையைச் சூறையாடியது. அந்த ஆண்டுகளின் விளைச்சல் குறைவை டிக்ளைன் என்று மட்டும் எழுதினால், வயல் தானாகச் சோர்ந்து படுத்துக்கொண்டது மாதிரி ஆகிவிடும். ஆகவே சொல்லின் வரலாறு தெரிந்த பிறகு அறிக்கையைப் படிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, யார் செய்தது, எது செய்தது.

அடுத்துக் கேட்க வேண்டியது, எங்கிருந்து குறைந்தது. மேட்டூர் அணை 2011இல் ஜூன் 6ஆம் தேதியே திறந்தார்கள். 2012 முதல் 2019 வரை வழக்கமான ஜூன் 12இல் திறக்கவே முடியவில்லை, மறுபடி அந்தத் தேதிக்கு வந்தது 2020இல். குறுவைப் பரப்பை 2011ஓடு ஒப்பிட்டால் ஒரு கதை, வறட்சி ஆண்டான 2016ஓடு ஒப்பிட்டால் வேறு கதை. அடிப்படை ஆண்டைச் சொல்லாத டிக்ளைனை நம்ப வேண்டாம்.

விழுந்ததா, விலகியதா என்பதும் முக்கியம், லுக்ரீஷியஸைப் படித்ததன் பயன் இங்கேதான். நெல் பரப்பு குறைந்தது என்று அட்டவணை சொல்லும், திருவாரூர்ப் பக்கம் கோடையில் பருத்தி போட்டதையோ, நாகப்பட்டினம் கடலோரத்தில் வயல் இறால் குட்டையாக மாறியதையோ அந்த வரி சொல்லாது. இதில் எது நல்லது எது கெட்டது என்பது வேறு சண்டை, ஆனால் இரண்டும் ‘குறைவு’ அல்ல.

எண்ணில் ஏமாறும் இடங்களும் உண்டு. நிலத்தடி நீர் அட்டவணையில் தரைமட்டத்துக்குக் கீழே எத்தனை மீட்டர் என்று போட்டிருப்பார்கள், எண் ஏறினால் நீர் இறங்குகிறது என்று பொருள். ‘வளர்ச்சி விகிதம் டிக்ளைன்’ என்றால் வளர்ச்சி மெதுவாகியிருக்கிறது, விகிதம் பூஜ்யத்துக்குக் கீழே போகாதவரை அளவு இன்னும் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. இதைத் தமிழில் தலைப்பாக்கும்போது ‘வீழ்ச்சி’ என்று போட்டுவிடுகிறார்கள், வாசகர் தலையில் கை வைத்துக்கொள்கிறார்.

கடைசி வேலை தமிழில் எழுதுவது. எல்லா இடத்துக்கும் ஒரே சொல்லை வைக்காதீர்கள். விலைக்கும் மட்டத்துக்கும் சரிவு நன்றாகப் பொருந்தும், அதில் நிலச்சாய்வும் அடங்கியிருக்கிறது. கொள்ளிடத்தின் படுகை கூடுதல் சரிவாக இருந்ததால் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடி, காவிரிக் கிளை மணலடித்து மேடாகிக்கொண்டிருந்தது, அதைத் தடுக்கத்தான் ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணை கட்டினார். அங்கே காவிரிக்கு நேர்ந்ததைச் சரிவு என்று எழுதினால் ஆறே தலைகீழாகிவிடும், நலிவு என்று எழுத வேண்டும். எண்ணிக்கைக்குக் குறைவு போதும். கலைக்கும் கைத்தொழிலுக்கும் நலிவு, உடம்புக்குத் தளர்ச்சி. வீழ்ச்சியை உண்மையிலேயே விழுந்ததற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுத்தல் வரும் இடத்தில் மட்டும் இந்தச் சொற்கள் எதுவும் உதவாது. பயிர்க்கடன் விண்ணப்பத்துக்கு ‘டிக்ளைண்ட்’ என்று பதில் வந்தால் ‘தள்ளுபடி’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். விண்ணப்பம் தள்ளுபடி என்பது சரியான தமிழ்தான், ஆனால் கடன் தள்ளுபடி என்றால் நம் ஊரில் கடனே ரத்து என்று அர்த்தம், வீட்டில் பெரியவர் கேட்டால் இனிப்பு வாங்க ஆள் அனுப்பிவிடுவார். ‘கடன் மறுக்கப்பட்டது’ என்று எழுதுங்கள், கூடவே காரணத்தை எழுத்தில் கேட்டு ஒரு கடிதமும் போடுங்கள்.