டார்க் மேப்பும் லோட் மேப்பும்: இசியு ட்யூனிங்கில் முதல் பாடம்

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிதான் இசியு; அதன் அமைப்புகளை மாற்றுவதுதான் ட்யூனிங். இதற்குப் புதிதாக வருபவர்கள் இசியுவின் ஃபைலைத் திறந்ததும் பெட்ரோல் அளவை எங்கே கூட்டுவது என்றுதான் தேடுவார்கள். பாஷ் எம்இ7 போன்ற இசியுக்களில் கணக்கு அங்கே தொடங்குவதில்லை. டார்க்கில், அதாவது முறுக்குவிசையில் தொடங்குகிறது.

படி 1: பெடல் மேப்பைப் பாருங்கள். மேப் என்றால் எண்கள் நிறைந்த அட்டவணை. ஒரு பக்கம் ஆர்பிஎம், மறுபக்கம் ஆக்ஸிலரேட்டர் பெடலின் அழுத்தம். கட்டத்தில் இருப்பது, அந்த நிலையில் ஓட்டுநர் கேட்கும் டார்க். அவ்வளவுதான்.

படி 2: லோட் என்றதும் வண்டியில் ஏற்றிய பாரம் என்று நினைக்க வேண்டாம். சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று நிறைந்தது என்பதே இங்கே லோட். 0 டிகிரி செல்சியஸ், 1013 ஹெக்டோபாஸ்கல் நிலையில் சிலிண்டர் கொள்ளும் காற்றுதான் 100 சதவீதம். 500 சிசி சிலிண்டர் என்றால் சுமார் 0.65 கிராம். டர்போ அழுத்தி 0.97 கிராம் ஏற்றினால் லோட் 150. டர்போ இல்லாத எஞ்சின் 100-ஐத் தொடவில்லையா? பதற வேண்டாம், சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு.

படி 3: இரண்டு மேப்களை அருகருகே திறங்கள். ஒன்று டார்க்கை லோடாக மாற்றும். மற்றது லோடைத் திரும்ப டார்க்காக மாற்றும். உதாரணமாக, 3000 ஆர்பிஎம்மில் 60 சதவீத டார்க்குக்கு முதல் மேப் 75 லோட் தந்தால், இரண்டாவதில் 75 லோடுக்கு ஏறக்குறைய 60 வர வேண்டும். 50-க்கு 63, 60-க்கு 75 என்றிருந்தால், இடையில் 55 கேட்கும்போது இசியு தானே 69 என்று கணக்கிட்டுக்கொள்ளும்.

படி 4: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நானும்தான். முதல் மேப்பை மட்டும் உயர்த்தினேன். காற்று கூடியது, ஆனால் இரண்டாவது மேப் அதைப் பழைய கணக்கில் டார்க்காக மாற்றி, 'கேட்டதைவிட அதிகமாக வருகிறதே' என்று இசியு, காற்று நுழையும் வழியிலுள்ள வால்வான த்ராட்டிலை மூடிவிட்டது. நானோ கோளாறு அங்கேதான் என்று நினைத்து, த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன்! ஒன்றைத் தொட்டால் மற்றதையும் அதற்கேற்பத் திருத்துங்கள்.

படி 5: அப்புறம் லாக் எடுங்கள், அதாவது வண்டி ஓடும்போது இசியு காட்டும் எண்களைப் பதிவு செய்யுங்கள். கேட்ட லோட், கிடைத்த லோட், த்ராட்டில் கோணம் மூன்றும் போதும். கேட்டது 140, கிடைத்தது 115, த்ராட்டிலும் முழுதாகத் திறந்திருக்கிறது என்றால், மேப்பை விடுங்கள். டர்போ குழாயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பெடல் முழுதாக அழுந்தியும் த்ராட்டில் மூடுகிறதா? மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.