குழந்தையின் பார்வையை ஒவ்வொரு கண்ணாகச் சோதிப்பது எப்படி?

கண் மங்கலாகத் தெரிகிறது என்று குழந்தை தானாக வந்து சொல்வது அரிது. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் நின்றபடி, எதிர்த்தெருப் பெயர்ப்பலகையை ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கும்படி மகளிடம் சொன்ன அன்றுதான், அவளுடைய இடக்கண்ணுக்கு அந்த எழுத்துகளே பிடிபடவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை வலக்கண்ணே இரண்டுக்குமாக உழைத்திருக்கிறது.

பகல் வெளிச்சத்தில், உங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தொலைவிலுள்ள ஒரு பலகையைத் தேர்ந்தெடுங்கள். கன்னடமோ ஆங்கிலமோ, குழந்தைக்குப் பழகிய எழுத்தாக இருந்தால் போதும். உள்ளங்கையைக் குழித்து ஒரு கண்ணை மூடச் சொல்லுங்கள். விரலால் அழுத்தினால், கையை எடுத்த பிறகும் அந்தக் கண் சற்று நேரம் மங்கலாகவே இருக்கும். மறு கண்ணுக்கு வேறு பலகையைக் காட்டுங்கள், இல்லையேல் குழந்தை நினைவிலிருந்து ஒப்பித்துவிடும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இமையிடுக்கு குறுகும்போது சிதறும் ஒளி குறைந்து உருவம் கூர்மையாவதால், கிட்டப்பார்வை, அதாவது தொலைவில் உள்ளவை மங்கும் குறை, உள்ளவர்கள் தம்மை அறியாமலேயே அப்படிச் செய்கிறார்கள்.

கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேலையை முன்புறமுள்ள ஒளிபுகும் படலமான கார்னியாவும், எஞ்சியதை உள்ளிருக்கும் லென்ஸும் செய்கின்றன. வளர்ந்தவரின் விழிக்கோளம் முன்பின்னாகச் சுமார் 24 மில்லிமீட்டர் நீளமுடையது. அது 1 மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே உருவம் கண்ணின் பின்புறமுள்ள விழித்திரைக்கு முன்னால் குவிந்து, ஏறத்தாழ மைனஸ் 3 பவர் கிட்டப்பார்வை வந்துவிடும். கோளம் குட்டையாக இருந்தால், அருகில் உள்ளவை மங்கும் தூரப்பார்வை. கார்னியாவின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாவிட்டால், ஒளி ஒரே புள்ளியில் குவியாத சிலிண்டர் பவர்.

இரு கண்களுக்கும் வேறுபாடு தெரிந்தால் கண்ணாடிக் கடையோடு நின்றுவிடாமல் கண் மருத்துவரிடமே செல்லுங்கள். சாமராஜப்பேட்டையில் அரசின் மின்டோ கண் மருத்துவமனை இருக்கிறது. குழந்தைகளின் லென்ஸைக் குவிக்கும் தசை மிகுந்த வலுவுள்ளது என்பதால், சொட்டு மருந்திட்டு அதைத் தளர்த்திய பிறகே உண்மையான பவர் தெரியும். மருந்திட்ட அன்று அருகிலுள்ள எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். ஆகவே தேர்வு நாளுக்கு முன் வேண்டாம். ஒரு கண்ணை மூளை பயன்படுத்தாமலே விட்டுவிட்டால் அது சோம்பேறிக் கண்ணாகிவிடும். ஏழு வயதுக்கு முன் கண்ணாடியும், நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடிவைக்கும் பயிற்சியும் தொடங்கினால் பலன் அதிகம். எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது.