கடைத்தெருவைப் புதுப்பிக்கிறேன் என்று கெடுக்காதீர்கள்

பெங்களூரில் பழைய ஆட்கள் "சிட்டி" என்று சொன்னால் சிக்பேட்டை, மார்க்கெட், மெஜஸ்டிக் பக்கம். "தண்டு" என்றால் பழைய பிரிட்டிஷ் படை முகாம் இருந்த சிவாஜிநகர், கமர்ஷியல் ஸ்ட்ரீட், அல்சூர் பக்கம். 1949-இல் ஒரே மாநகராட்சியாகச் சேரும் வரை இரண்டுக்கும் தனித்தனி நிர்வாகம். அதனால் இந்த ஊருக்கு இன்றும் நடுவிடம் இரண்டு. இரண்டுக்கும் உயிரூட்ட வேண்டும் என்ற பேச்சு ஓய்வதே இல்லை. பேசுகிறவர்களின் கவலை நியாயமானதுதான். சனம் மாலுக்கும் போன் ஆர்டருக்கும் பழகிவிட்டது. நடைபாதை உடைந்து கிடக்கிறது. கடை அடைத்தால் தெரு இருட்டு. ஆனால் சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவள் நான். சரிசெய்கிறோம் என்று கைவைத்ததால் கெட்ட தெருக்களையும் பார்த்திருக்கிறேன். நடக்கும் தவறுகளும் பெரும்பாலும் அதே தவறுகள்தான்.

எல்லாவற்றுக்கும் மூலமான தவறு, அங்கே ஏற்கெனவே இருக்கும் உயிரைக் கணக்கில் எடுக்காமல் வரைபடம் போடுவது. விடியற்காலையில் கே.ஆர். மார்க்கெட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். மூட்டை மூட்டையாகச் செவ்வந்தி இறங்கும், கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் விலை கூவுவார்கள், கால் வைக்க இடமிருக்காது. பத்து மணிக்கு அளவெடுக்க வருகிறவர் கண்ணில் படுவது குப்பையும் நெரிசலும் மட்டும்.

அதிலிருந்து பிறப்பதுதான் தெருவோர வியாபாரிகளை அப்புறப்படுத்தும் வேலை. நான் பூ வாங்கும் அக்காவின் கடை என்பது ஒரு மரப்பெட்டி, அதன்மேல் ஈரச் சாக்கு, சாக்கின்மேல் மல்லிகைப் பந்து, பக்கத்தில் தண்ணீர் தெளிக்க மூடியில் துளை போட்ட ஒரு பாட்டில். சாயங்காலம் நாலு மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒன்பதாகும். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் பெண்பிள்ளைகள் அவர் பக்கத்தில்தான் நிற்பார்கள். அவர் இருந்தால் அந்த மூலைக்கு ஒரு காவல். சாலை வேலைக்காக இரண்டு தெரு தள்ளி உட்காரச் சொன்னார்கள். வியாபாரம் பாதிக்குமேல் படுத்துவிட்டது. "பூ வாங்கணும்னு யாரும் வீட்லருந்து கெளம்ப மாட்டாங்க கண்ணு, வழியில கண்ணுல பட்டாதான் வாங்குவாங்க" என்றார். வேலை முடிந்த பிறகு அந்த மூலையில் ஒரு பூச்சட்டி வைத்தார்கள். பெண்பிள்ளைகள் அங்கே நிற்பதை விட்டுவிட்டார்கள்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. தெரு வியாபார விஷயங்களைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். திட்டம் போடும் முதல் கூட்டத்திலேயே இவர்களை உட்கார வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அடுத்தது கல். மேலே பதிக்கும் கல்லைப் பற்றி ஆறு மாதம் பேசுவார்கள், கீழே ஓடும் சாக்கடையைப் பற்றி ஆறு நிமிடம்கூடப் பேச மாட்டார்கள். புதுப்பித்து 2018-இல் திறந்த சர்ச் ஸ்ட்ரீட்டை எல்லோரும் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது கல்லின் வடிவம் அல்ல, வேலை நடந்த வரிசை. தண்ணீர்க் குழாய், சாக்கடை, மழைநீர் வடிகால், மின்கம்பி என்று ஒவ்வொன்றுக்கும் தரைக்கடியில் தனி வழி கொடுத்துவிட்டுத்தான் மேலே கல் போட்டார்கள். அப்படிச் செய்தால் கேபிள் போடுகிறவர் தெருவை வெட்ட வேண்டியதில்லை. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலும் அதே மாதிரி கல் பதித்தார்கள். 2021-இலேயே மழைக்குக் கல் பெயர்ந்து மறுபடி வேலை பார்க்கும்படி ஆனது. இன்னொன்றையும் யாரும் யோசிப்பதில்லை. சொரசொரப்பான கல்லில் துணி மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி உருளாது. சக்கர நாற்காலியும் உருளாது. கைத்தடி ஊன்றி வரும் பெரியவர்களுக்கு அடிக்கு அடி பயம்.

வேலையைத் தொடங்கும் மாதமும் முக்கியம். ஆடியில் கல்யாணச் சேலை வியாபாரம் மந்தம், சிக்பேட்டையில் தோண்டுவதென்றால் அப்போது தோண்டலாம். சிவாஜிநகருக்கு அந்தக் கணக்கு வேறு. ரம்ஜான், செப்டம்பர் 8-இல் மாதா கோயில் திருவிழா, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று நாலு பருவத்தை வைத்துத்தான் அந்தக் கடைகள் வருஷத்தை ஓட்டுகின்றன. ஒரு தீபாவளிக்குத் தெரு முழுக்கப் பள்ளமாகக் கிடந்தால் சின்னக் கடைக்காரர் கடனில் விழுவார், அடுத்த தீபாவளிக்கு அந்தக் கடையே இருக்காது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் தோண்டுங்கள். முடியும் தேதியைப் பலகையில் எழுதி வையுங்கள்.

வண்டிகளை நிறுத்துவதை நான் ஆதரிக்கிறேன். 2020 நவம்பரிலிருந்து 2021 பிப்ரவரி வரை சனி, ஞாயிறுகளில் சர்ச் ஸ்ட்ரீட்டில் வண்டிகளை விடாதபோது அங்கே நடப்பது சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதை அப்படியே சிக்பேட்டையில் வைத்துப் பார்ப்பது தவறு. சர்ச் ஸ்ட்ரீட்டில் காபி, புத்தகம், சாப்பாடு. சிக்பேட்டையில் மொத்த வியாபாரம், சரக்கு வந்து இறங்கியாக வேண்டும். டெல்லி சாந்தினி சௌக்கில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை என்று நேரத்தை வகுத்தார்கள். நமக்கும் அப்படி ஒரு நேரக் கணக்கு தேவை. முக்கியமாக, பஸ் நிறுத்தத்தைத் தூரத் தள்ளக் கூடாது. 1927-இல் வந்த ரசல் மார்க்கெட்டுக்குக் காய்கறிப் பை தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பஸ்ஸில்தான் வருகிறார்கள்.

இந்தத் தவறுகளின் பட்டியலில் புதிது புதிதாகத் திருவிழா கண்டுபிடிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கன்னடச் சைத்ர மாதப் பௌர்ணமி இரவு தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் கிளம்பினால் பேட்டை முழுக்கத் தூங்காது. காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் கரகம் போய்வரும். யாரும் விளம்பரம் கொடுக்க வேண்டியதில்லை. அந்த ஒரு இரவுக்குக் குண்டும் குழியும் இல்லாத தெரு, குடிதண்ணீர், விளக்கு கொடுத்தால் போதும்.

தெரு புதிதாகி வாடகை ஏறியதும் முதலில் காலி செய்வது தையல்காரரும் பழைய புத்தகக் கடையும்தான். பிறகு தெரு முழுக்க ஒரே மாதிரிக் கடைகளாகிவிடும். மாடி வீடுகளில் குடும்பங்கள் போய்க் குடோன் வந்தால் இரவில் விளக்கெரியும் ஜன்னல்கூட இருக்காது.

கழிப்பறையைத் திட்டத்தின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளாதீர்கள். துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள் போக இடமில்லாமல் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே குறைக்கிறார்கள், எனக்குத் தெரிந்தவர்களே அப்படி இருக்கிறார்கள். பார்க்கிங்குக்குப் பின்னால் ஒரு மூலையில் கட்டிப் பூட்டி வைப்பதில் பலனில்லை. தெருவின் நடுவில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி, கடை அடைக்கும் வரை திறந்திருக்கும்படி, கழுவுவதற்குச் சம்பளத்துக்கு இரண்டு ஷிப்ட் ஆள் போட்டு வையுங்கள்.