கோழி எரு முதல் தென்னந்தோப்பு வரை: மீன்குளச் சுழற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரி டெல்டாவில் புதிதாகப் பண்ணைக்குட்டை வெட்டுகிறவர்கள் இப்போது கட்லா, ரோகு, மிர்கால் மீன்குஞ்சுகளோடு நின்றுவிடுவதில்லை. கரையில் கோழிக்கொட்டகை, ஓரமாக அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் சிறு தாவரம்) குழி, காய்கறிக் கழிவில் பி.எஸ்.எஃப். (கறுப்புச் சிப்பாய் ஈ) புழு, மீன் பிடித்து முடித்ததும் சேறு தென்னைக்கு என்று முழுச் சுற்றையும் சேர்த்தே திட்டம் போடுகிறார்கள். நல்ல திட்டம்தான். தீவனத்தில் இருக்கும் நைட்ரஜனில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் மீனின் உடம்பில் சேர்கிறது. மிச்சம் தண்ணீரிலும் சேற்றிலும் தங்குகிறது. அதை வடிகாலில் விடுவது பெரிய நஷ்டம்.

ஆனால் தொடங்குகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதே குழியில் விழுகிறார்கள். குஞ்சை எண்ணி வாங்குவது, மடையில் வலை கட்டுவது எல்லாம் எல்லோரும் சொல்வது, அவற்றை விட்டுவிடுகிறோம்.

எருவை லோடு கணக்கில் இறக்குவது

பணம் அதிகம் போவது இதில்தான். பார்க்கும்போது இன்னும் கோபம் வருவதும் இதில்தான், ஏனென்றால் ஐந்து நிமிடம் கணக்குப் போட்டால் தவிர்த்துவிடலாம்.

நாமக்கல் பக்கமிருந்து காய்ந்த கோழி எரு லோடு லோடாக வருகிறது. எரு போட்டால் பாசி வரும், பாசி வந்தால் மீன் தேறும் என்பது சரிதான். ஆனால் லோடு வந்த அன்றே மொத்தத்தையும் குளத்தில் தள்ளுகிறார்கள். எரு மட்குவதற்கும் ஆக்சிஜன் வேண்டும் என்பதை யாரும் நினைப்பதில்லை.

ஒரு ஏக்கர் குளம், 4 அடி ஆழம் என்றால் சுமார் 49 லட்சம் லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 6 மில்லிகிராம் வீதம் அதில் கரைந்திருக்கும் மொத்த ஆக்சிஜன் 29 கிலோதான். இப்போது 200 கிலோ காய்ந்த கோழி எருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு கார்பன், ஏறத்தாழ 65 கிலோ. பாதி மட்டும் மட்கினாலும், ஒரு கிலோ கார்பனுக்கு 2.67 கிலோ வீதம் 85 கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் கேட்கும். குளத்தில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. ஒரே இரவில் அத்தனையும் கேட்காது, பகலில் பாசியும் ஈடுகட்டும். ஆனால் இரவில் ஆக்சிஜன் தயாரிக்க எதுவும் இல்லை. மீன், பாசி, சேறு, எரு எல்லாம் ஒரே கையிருப்பிலிருந்து எடுக்கின்றன. 2 டன் டிப்பர் என்றால் இந்தக் கணக்கைப் பத்தால் பெருக்குங்கள்.

வெயில் காயும் மாதங்களில் குளம் எப்படியோ தாங்கிவிடும், அதனால் தவறு தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வானம் மேகமூட்டமாக இருந்தால் கணக்கு தீர்க்கப்படும். விடியற்காலை 4, 5 மணிக்கு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து காற்றுக் குடிக்கும். விடிந்ததும் மிதப்பது பெரும்பாலும் பெரிய கட்லாக்கள்.

அடுத்து நடப்பதுதான் வேதனை. "யாரோ மருந்து கலந்துட்டாங்க" என்று பக்கத்துக் கொல்லைக்காரரோடு சண்டை. எத்தனையோ ஊரில் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் செத்த மீனைப் பாருங்கள். பெரிய மீன்கள் முதலில் விழுந்து, சின்ன மீன்கள் பிழைத்து, நேரமும் விடியற்காலையாக இருந்தால் அது ஆக்சிஜன் குறைவு. விஷம் நேரம் பார்க்காது. சின்ன மீன், பூச்சி, தவளை எல்லாவற்றையும் சேர்த்துக் கொல்லும்.

அளவு இதுதான். குஞ்சு விடுவதற்கு 15 நாள் முன்பு அடியெருவாக ஏக்கருக்கு 800 முதல் 1,200 கிலோ பச்சைச் சாணம். பிறகு 15 நாளுக்கு 200 கிலோ. அந்த 200 கிலோவையும் ஒரே நாளில் போடாமல் தினம் 13, 14 கிலோவாகக் கரைத்து, வெயில் ஏறிய பிறகு குளம் முழுக்கத் தெளிப்பது நல்லது. கோழி எரு என்றால் இதில் மூன்றில் ஒரு பங்கு போதும். கொட்டகை கட்டுகிறவர்கள் ஏக்கருக்கு 200 முதல் 250 முட்டைக்கோழிக்கு மேல் போகக்கூடாது. 1,000 கோழி வைத்தால் தினமும் 100 கிலோவுக்கு மேல் பச்சை எரு விழும். கூண்டைத் தண்ணீருக்கு மேலேயே கட்டினால் எச்சம் ஒரே இடத்தில் குவிந்து, அடியில் கருஞ்சேறாகி, முட்டை அழுகிய நாற்றம் அடிக்கும். கரையில் கட்டுங்கள், அள்ளிப் போடுங்கள்.

மாடு இருக்கிறவர்கள் சாணத்தைச் சாண எரிவாயுக் கலனில் விட்டு, வெளிவரும் கரைசலைக் குளத்துக்குக் கொடுப்பது எல்லாவற்றையும்விட மேல். சீக்கிரம் மட்கும் கார்பன் ஏற்கெனவே அடுப்புக்கு வாயுவாகப் போய்விட்டது. நைட்ரஜன் கரைசலில் இருக்கிறது. குளத்தின் ஆக்சிஜனை அது மிகக் குறைவாகவே கேட்கும்.

எப்போது நிறுத்துவது? 20 செ.மீ. அகலத் தட்டில் கறுப்பும் வெள்ளையும் பூசி, நடுவில் கயிறு கட்டித் தண்ணீரில் இறக்குங்கள். 25 முதல் 40 செ.மீ. ஆழத்தில் மறைந்தால் சரி. 20-க்குள் மறைந்தால் எருவை நிறுத்துங்கள். ஆக்சிஜனை மதியம் 2 மணிக்கு அளந்துவிட்டுத் திருப்திப்படுவதில் பயனே இல்லை. அப்போது எந்தப் பச்சைக் குளத்திலும் நிறைய இருக்கும். சூரியன் வருவதற்கு முன் அளந்து, லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அன்று எருவும் தீவனமும் வேண்டாம். ஏரேட்டரை (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) மீன் மேலே வந்த பிறகு ஓடிப்போய்ப் போடக்கூடாது. மேகமூட்ட நாட்களில் இரவு 11 மணிக்கே போட்டு, வெயில் வரும்வரை ஓட்டுங்கள்.

பச்சை எடையைத் தீவன எடையாக நினைப்பது

"10 கிலோ அசோலா போட்டேன், அதனால் 10 கிலோ தீவனத்தைக் குறைத்தேன்" என்கிறார்கள். அசோலாவில் 93, 94 சதவீதம் தண்ணீர். 10 கிலோ காய்ந்தால் 600, 700 கிராம்தான். அதில் புரதம் 150 கிராம் அளவுக்கு வரும். 28 சதவீதப் புரதத் தீவனம் அரை கிலோவிலேயே அது கிடைத்துவிடும். அசோலாவைக் குழியில் வளர்த்து அளந்து போடுங்கள். குளத்திலேயே விட்டால் மேற்பரப்பை மூடி வெளிச்சத்தைத் தடுக்கும்.

பி.எஸ்.எஃப். புழுவிலும் இதே கதை: மூன்றில் இரண்டு பங்கு ஈரம். காய்ந்த புழுவில் புரதம் 40 சதவீதம் என்றால் கொழுப்பும் 30 சதவீதம் அளவுக்கு உண்டு. அதை மட்டுமே கொடுக்காமல் தீவனத்தில் கால் பங்கை மாற்றுவதோடு தொடங்குங்கள். வெளுத்த நிறத்தில் இருக்கும்போதே பிரித்துவிடுங்கள்; கறுத்த பிறகு தோல் தடித்துச் செரிக்காது.

ஈ மருந்து கலந்த எருவில் புழு வளர்ப்பது

சில முட்டைப் பண்ணைகளில் ஈயைக் கட்டுப்படுத்த சைரோமசின் என்ற மருந்தைத் தீவனத்திலேயே கலப்பார்கள். அது எச்சத்தில் இறங்கி ஈப் புழுவை வளரவிடாது. பி.எஸ்.எஃப். புழுவும் ஈப் புழுதான். வாங்கும் முன் கேளுங்கள்.

எருவும் சுண்ணாம்பும் ஒரே நாளில்

ஒரு வார இடைவெளி விடுங்கள். சுண்ணாம்பு பி.எச்.சை (தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு) ஏற்றும்; பி.எச். ஏறினால் எருவிலிருந்து வரும் அம்மோனியா விஷமாகும். 28 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷமான வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 8-இல் 6, 7 சதவீதம். 9-இல் 40 சதவீதம்.

கோழிக்குடலும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும்

குடலைத் தீவனமாகப் போட்டு இந்தக் கெளுத்தியை வளர்க்க நினைக்கிறார்கள். இந்தியாவில் அந்த மீன் வளர்ப்பதற்கே தடை. பேச்சு அவ்வளவுதான்.

இறால் குளத்துச் சேறு நெல்வயலுக்கு

போடாதீர்கள். உப்பு.

குளத்துநீர் பாய்ச்சிய வயலுக்கு முழு யூரியா

குளத்தில் 100 கிலோ தீவனம் போனால், அதில் 28 சதவீதம் புரதம் என்ற கணக்கில் நைட்ரஜன் 4.5 கிலோ. மீன் எடுத்தது போக 3 கிலோவுக்கு மேல் மிஞ்சும். காற்றிலும் சேற்றிலும் போவதைக் கழித்துப் பாதி வயலுக்கு வருகிறது என்று வைத்தாலும், 100 கிலோ தீவனத்துக்கு 3 கிலோ யூரியா. ஒரு பருவத்துக்கு 2 டன் தீவனம் போட்ட குளம் என்றால் 60 கிலோ. அதற்கு மேல் வழக்கமான யூரியாவையும் போட்டால் நெல் கரும்பச்சையாகி, புகையான் பூச்சி இறங்கி, கதிர் வந்ததும் சாயும். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, நிறம் குறைந்தால் மட்டும் மேலுரம் கொடுங்கள்.

அதே வயலின் வடிகாலை மறுபடி குளத்துக்குத் திருப்புகிறவர்கள், சைபர்மெத்ரின், லாம்டா சைஹலோத்ரின் போன்ற பூச்சிமருந்து தெளித்த வயலிலிருந்து ஒரு சொட்டும் வராதபடி மடையை மண் போட்டு அடையுங்கள். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் போதும், மீன் சாகும். தெளித்த பிறகு பெய்யும் முதல் மழையின் வடிகால்தான் மிக ஆபத்தானது. அது குளத்துக்குப் போகாமல் வெளியே ஓட தனி வாய்க்கால் வெட்டிவிட்டுத்தான் மருந்துக் கேனைத் திறக்க வேண்டும்.