டர்பனில் கிட்டார் வாங்குவோருக்கு: ஈரம், கம்பி, கட்டை

என் மகள் படிப்புக்காக ஜொகன்னஸ்பர்க்குக்குப் போனபோது, டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் பத்து ஆண்டுகளாகத் தொங்கிய கிட்டாரையும் உடன் எடுத்துச் சென்றாள். பிப்ரவரியில் போன கிட்டார் ஜூலை விடுமுறையில் திரும்பி வந்தபோது, கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் கீழே மேல்பலகையில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் கண்டிருந்தது. கிட்டாரின் கழுத்தான நெக்கின் ஓரமாகக் கையை ஓட்டினால், அதில் குறுக்கே பதித்த ஃபிரெட் என்ற உலோகப் பட்டைகளின் முனைகள் உள்ளங்கையைக் கீறின. கிட்டாரை யாரும் கீழே போடவில்லை. கடலோர ஈரத்தில் பத்து ஆண்டுகள் ஊறிப் பருத்திருந்த மரம், கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் உள்ள ஊரின் வறண்ட குளிர்காலத்தில் சுருங்கியது. மரத்துக்குள் பதித்த உலோகம் சுருங்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

தென்னாப்பிரிக்காவில் பொழுதுபோக்குக்காகக் கிட்டார் வாசிக்கும் ஒருவர் எந்தக் கருவியை வாங்கினாலும், அதன் பெயரையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன், தம் வீட்டுக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். மரக் கிட்டாருக்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். டர்பனின் கோடை மாதங்களில் வீட்டுக்குள் இருக்கும் காற்று இந்த அளவைத் தாண்டிப் போவது வழக்கம்; ஜொகன்னஸ்பர்க்கின் ஜூன், ஜூலை மாதங்களில் நிலைமை இதற்கு நேர்மாறு. எனவே முதலில் வாங்க வேண்டியது, தீப்பெட்டி அளவில் கிடைக்கும் ஒரு மின்னணு ஈரப்பதமானி.

விலை குறைந்த மானிகள் சில நேரங்களில் பத்துச் சதவீதம் வரை பிழையாகக் காட்டும் என்பதால், அதை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு போத்தல் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, கூழ் பதம் வரும்வரை மட்டும் சில துளி தண்ணீர் விடுங்கள்; உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் மானியையும் காற்றுப் புகாத பையில் ஒன்றாக வைத்து மூடி, ஓர் இரவு முழுவதும் அசைக்காமல் விட்டுவிடுங்கள். காலையில் மானி 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால், உங்கள் மானி ஐந்து குறைத்துக் காட்டுகிறது என்று பின்பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டு, அந்தக் கணக்கோடு பயன்படுத்தலாம்.

இனி மரத்தைப் பற்றி. மேல்பலகை அடுக்குகளாக ஒட்டாத முழு மரத்தாலான கிட்டாரின் நாதம் ஆண்டுகள் செல்லச் செல்ல இனிமை கூடும் என்பது உண்மைதான். ஈரமும் வறட்சியும் அதைத்தான் அதிகம் தாக்கும் என்பதும் அதே அளவு உண்மை. மெல்லிய தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்த பலகை நாதத்தில் சற்றுக் குறைந்தாலும், பருவ மாற்றங்களைப் பொறுமையாகத் தாங்கிக்கொள்ளும். முதல் கிட்டார் வாங்குபவருக்கும், வீட்டில் பெட்டிக்குள் (கேஸ்) வைக்காமல் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க விரும்புபவருக்கும், முழுவதும் ஒட்டுப்பலகையாலான கருவியே பொருத்தம் என்பது என் முடிவு. தென்னாப்பிரிக்காவில் காலோ நிறுவனம் செய்து விற்ற மலிவு விலை ‘காலோடோன் சாம்பியன்’ கிட்டாருக்குள், அது பிளக்காது என்று உறுதி கூறும் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. பின்னாளில் பீட்டில்ஸ் குழுவில் புகழ்பெற்ற ஜான் லெனன் 1957இல் இங்கிலாந்தில் வாசித்த கிட்டார் அந்த வகைதான். மரம் பிளக்கும் கவலை இந்த நாட்டுக் கிட்டார்களோடு எவ்வளவு காலமாகச் சேர்ந்தே வந்திருக்கிறது என்பதை அந்தச் சீட்டை நினைக்கும்போதெல்லாம் உணர்கிறேன்.

கடைக்குப் போகும்போது ஒரு சிறிய எஃகு அளவுகோலையும், சுருதி பார்க்கும் செயலி உள்ள கைபேசியையும் எடுத்துச் செல்லுங்கள். விற்பவர் தவறாக எண்ணுவாரோ என்று தயங்க வேண்டாம்; தொழில் தெரிந்த விற்பனையாளர் அளவுகோலைக் கண்டதும் மரியாதையோடு பேசுவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். முதலில் கிட்டாரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகை வயிறுபோல் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். லேசான புடைப்பு இயல்பானது. பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தால், அது பெயர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம். அடுத்து, பன்னிரண்டாம் ஃபிரெட்டின் மேல் தடித்த ஆறாம் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். எஃகுக் கம்பி அக்கூஸ்டிக்கில் 2.5 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் விரலுக்குச் சுகம். எலெக்ட்ரிக்கில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கலாம். நான்கு மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும் கம்பியை அழுத்திப் பழகும் பிள்ளைகள், விரல் வலிக்கிறது என்று இரண்டு மாதத்தில் கிட்டாரை மூலையில் வைத்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிற விஷயம், ஏனென்றால் பல கிட்டார்களில், பிரிட்ஜின் மேல் கம்பிகள் அமரும் சேடில் என்ற துண்டைக் கொஞ்சம் தேய்த்துக் குறைத்தாலே அந்தக் குறை நீங்கிவிடும்.

பிறகு ஆறாம் கம்பியை முதல் ஃபிரெட்டிலும் பதினான்காம் ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாம் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே உள்ள வெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் நெக் சரியாக இருக்கிறது. வெளி அதற்கு மேல் இருந்தால், நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைக் கால் சுற்று இறுக்கிச் சரிசெய்யலாம்; அதைக் கடைக்காரரையே செய்யச் சொல்லுங்கள், சாவி எளிதாகத் திரும்பவில்லை என்றால் அந்தக் கிட்டாரை விட்டுவிடுங்கள். கடைசியாக, ஒவ்வொரு கம்பியையும் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்தி மீட்டிச் சுருதி பாருங்கள். வெறுங்கம்பியின் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்க வேண்டும். இங்கே குவாசூலு-நட்டாலில், மஸ்கந்தி என்ற சூலு மக்களின் கிட்டார் இசையை வாசிக்கும் கலைஞர்கள் கடையில் கிட்டாரைச் சோதிக்கும்போது கவனித்துப் பாருங்கள்: கட்டைவிரலால் அடிக்கம்பியை ஓங்கித் தட்டுவார்கள். கம்பி ஃபிரெட்டில் உரசி இரைவது அந்த வேகத்தில்தான் வெளிப்படும், மெதுவாக வருடினால் தெரியாது.

கையிருப்புப் பணம் முழுவதையும் கிட்டாருக்கே செலவழிக்க வேண்டாம். ஐந்தில் ஒரு பங்கையாவது, கம்பி உயரத்தையும் நெக்கையும் சரிசெய்யும் செட்டப் கூலிக்கும், நல்ல கேஸுக்கும், கம்பிக்கும், சுருதி காட்டும் டியூனருக்கும் ஒதுக்குங்கள். சரியாக அமைத்த சாதாரணக் கிட்டார், அமைக்காத விலையுயர்ந்த கிட்டாரைவிட வாசிக்க இனிது.

பழைய கிட்டார் வாங்குவதில் எனக்குத் தடை எதுவும் இல்லை. ஈரத்திலும் வெயிலிலும் இருபது ஆண்டுகள் கழித்தும் நேராக நிற்கும் நெக்கை நம்பலாம். ஆனால் யாரிடம் வாங்குகிறோம் என்பது முக்கியம். கடையிலிருந்து வாங்கினால், அது அடகுக் கடையாக இருந்தாலும், 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால் பழுதுபார்க்கவோ, மாற்றிக்கொள்ளவோ, பணத்தைத் திரும்பப் பெறவோ உரிமை உண்டு. வாங்கும்போதே இன்ன குறை இருக்கிறது என்று உங்களிடம் தெளிவாகச் சொல்லி, நீங்கள் அதை ஏற்றுக்கொண்டிருந்தால் அந்தக் குறைக்கு இது பொருந்தாது. ஆகவே பில்லில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தம் சொந்தக் கிட்டாரை விற்கும் தனி மனிதரிடம் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு இல்லாததால், அங்கே உங்கள் அளவுகோலே உங்களுக்குத் துணை.

உள்நாட்டு இணையக் கடைகளில் வாங்கும் பெரும்பாலான பொருள்களை, கையில் வந்து ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பலாம். அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால் இறக்குமதியில் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியும், கூரியர் நிறுவனத்தின் கையாளுதல் கட்டணமும் சேரும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் வரவழைப்பவர்கள் இன்னும் ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும்: நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், அமெரிக்காவில் விற்பவை 120 வோல்ட்டுக்கானவை. என் நண்பர் ஒருவர் விற்பனையாளரின் ‘எல்லா நாட்டுக்கும் பொருந்தும்’ என்ற பேச்சை நம்பி, பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினார்; ஒரு நிமிடத்துக்குள் புகை கிளம்பி, டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது. பின்பக்கத் தகட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம்.

கம்பி விஷயத்தில் கடலோர ஊர்க்காரர்களுக்குச் செலவு அதிகம். உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து, சாதாரண பாஸ்ஃபர் பிரான்ஸ் கம்பியைச் சில வாரங்களில் மங்கச் செய்துவிடும். விரலுக்கு அடியில் சொரசொரப்பும் காதில் மந்தமும் தெரியும். மெல்லிய பூச்சுப் பூசிய கம்பிகளின் விலை கூடுதல் என்றாலும், டர்பனில் அவற்றுக்கே பணம் கொடுப்பேன். தடிமனில் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில்), அக்கூஸ்டிக் பழகத் தொடங்குபவருக்கு 11 முதல் 52 வரையிலான செட்டும், எலெக்ட்ரிக்குக்கு 9 முதல் 42 வரையிலான செட்டும் போதும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: நைலான் கம்பிக்கென்று செய்த கிட்டாரில் எஃகுக் கம்பி கட்டாதீர்கள். நைலான் செட் முழுவதும் சேர்ந்து சுமார் 40 கிலோ விசையில் இழுக்கும். 12இல் தொடங்கும் எஃகு செட்டின் இழுப்பு 70 கிலோவைத் தாண்டும். பிரிட்ஜ் பெயர்ந்து வந்த பல கிட்டார்களின் கதை இதுதான்.

துணைக் கருவிகளில் நம்மவர்களுக்கு மிகவும் பயன்படுவது கேபோ, அதாவது எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃபிரெட்டில் சேர்த்து அழுத்தும் கவ்வி. வெள்ளிக்கிழமைப் பஜனையிலோ, காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதப் பாடல்களிலோ கிட்டாரோடு போய் உட்கார்ந்தால், மூத்த பாடகர் ‘ஐந்தரைக் கட்டை’ என்பார். கட்டை என்பது பாடகர் தேர்ந்தெடுக்கும் சுருதியின் அளவு: ஒரு கட்டை என்பது சி, ஐந்து கட்டை ஜி, ஐந்தரை ஜி ஷார்ப். முதல் ஃபிரெட்டில் கேபோ மாட்டி, பழகிய ஜி கோர்டுகளையே வாசித்தால் ஐந்தரைக் கட்டை கிடைத்துவிடும். அம்மா ஒருவர் ஆறரைக் கட்டையில் எடுத்தால் கேபோவை மூன்றாம் ஃபிரெட்டுக்கு நகர்த்துங்கள், கோர்டுகள் மாற வேண்டாம். இரண்டரைக் கட்டை என்றால் அதே மூன்றாம் ஃபிரெட்டில் சி கோர்டுகள். கேபோவை ஃபிரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றே பின்னால் மாட்டுங்கள். நடுவில் மாட்டினால் கம்பி வளைந்து சுருதி ஏறிவிடும். இறுக்கத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கக்கூடிய வகையை வாங்குங்கள். கிளாசிக்கல் கிட்டாரின் ஃபிரெட் பலகை தட்டையானது என்பதால் அதற்குத் தட்டையான கேபோ தனியாக வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஹார்மோனியத்தோடு சேராமல் போவது உண்டு. கோயில்களில் உள்ள பழைய ஹார்மோனியங்களின் ரீடுகள் காலப்போக்கில் சற்று ஏறியோ இறங்கியோ இருக்கும். அதை உட்கார்ந்த இடத்தில் மாற்ற முடியாது, நாம்தான் இணங்க வேண்டும். ஹார்மோனியத்தில் ஆறு கட்டையை அழுத்தச் சொல்லி, கைபேசிச் செயலியில் அதிர்வெண்ணைப் பாருங்கள். வழக்கமான 440க்குப் பதிலாக 444 ஹெர்ட்ஸ் காட்டினால், கிட்டாரின் தலையில் மாட்டியிருக்கும் கிளிப் டியூனரின் அடிப்படை எண்ணை 444க்கு உயர்த்திவிட்டு ஆறு கம்பிகளையும் சேருங்கள். இதற்காகவே, அந்த எண்ணை மாற்ற வசதி உள்ள டியூனரைக் கேட்டு வாங்குங்கள். மிருதங்கமும் தாளமும் முழங்கும் கூடத்தில் கைபேசியின் மைக் குழம்பிவிடும். கிளிப் டியூனர் மரத்தின் அதிர்வையே நேராக வாங்குவதால் குழம்பாது.

ஆம்ப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் பத்து வாட்டே அதிகம். மின்வெட்டை நன்கு பழகிய நாம், பேட்டரியில் இயங்கும் சிறிய ஆம்ப் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. கேபிளை மூன்று மீட்டருக்கு மேல் வாங்க வேண்டாம்.

கேஸ் கடினமானதாக இருக்கட்டும். கோடையில் வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்து நிமிடம்கூடக் கிட்டாரை விடாதீர்கள். பிரிட்ஜைப் பிடித்திருக்கும் பசை அந்தச் சூட்டில் இளகும். கேஸுக்குள், ஈரம் மிகும்போது உறிஞ்சியும் குறையும்போது வெளிவிட்டும் 49 சதவீதத்தில் நிறுத்தும் இருவழிப் பைகள் இரண்டை வைத்துவிடுங்கள். ஜொகன்னஸ்பர்க்குக்குக் கொண்டுபோவதானால், போய்ச் சேர்ந்ததும் கேஸைத் திறக்காமல் ஒரு நாள் அப்படியே விட்டு, பைகள் காய்ந்து கெட்டியாகின்றனவா என்று மாதம் ஒருமுறை தடவிப் பாருங்கள். என் மகளின் கிட்டார் விரிசலை ஒட்டி, உள்பக்கம் சிறு மரத்துண்டுகள் பதித்துத் தாங்கல் கொடுத்தபின், இப்போது அப்படித்தான் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் மானியின் எண்ணைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறாள். போன வாரம் 47.