பரிசலில் இருந்து ஆள் தவறி விழுந்தால்: பதற்றத்தில் செய்யும் தவறுகள்

பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் இல்லை. வட்டமான மூங்கில் கூடை, அதன்மேல் இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் படுதா, அவ்வளவுதான். ஒருவர் எழுந்து நின்றாலே சாயும். அதனால் ஒருவர் தண்ணீரில் விழுந்துவிட்டால், உள்ளே இருக்கிறவர்கள் அடுத்த அரை நிமிஷத்தில் செய்வதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் என் சித்தப்பா மீன் பிடிக்கிறவர். ஒருமுறை அவர் பரிசலில் சொந்தக்காரர்கள் நாங்கள் ஐந்து பேர் ஏறினோம். போட்டோ எடுக்க எழுந்த மச்சான் ஒருவர் விழுந்துவிட்டார். நீந்தி வந்து விளிம்பைப் பிடித்தார். கை கொடுக்க நாங்கள் அத்தனை பேரும் அந்தப் பக்கமே பாய்ந்தோம். எதிர்ப்பக்கம் மேலே எழும்ப, அவர் பிடித்திருந்த விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இடைவெளிதான் மிச்சம். "எந்திரிக்காம அந்தப்பக்கம் நகுந்து குக்குங்க!" என்று சித்தப்பா கத்திய பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. ஒருவர் மட்டும் விழுந்தவர் பக்கம், மற்றவர்கள் எதிர்ப்பக்கம் தாழ உட்கார வேண்டும். பரிசல் கவிழ்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடுத்த தவறு, ஆளைச் செங்குத்தாக மேலே தூக்குவது. நனைந்த துணியோடு ஒருவரைத் தூக்க நம்மால் முடியாது. அவர் காலை உதைத்து உடம்பை நீரில் படுக்கவிட்டால், அக்குளைப் பிடித்து வயிறு விளிம்பில் வழுக்கி வரும்படி இழுக்கலாம். கரை பக்கம் என்றால் ஏற்றவே வேண்டாம். விளிம்பைப் பிடிக்கச் சொல்லி, மெதுவாகத் துடுப்புப் போட்டுக் கரை சேர்வதே மேல்.

ஆள் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் கண்ணை எடுப்பதுதான் பெரிய பிழை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று பரிசலை இலை மாதிரித் தள்ளும். விழுந்தவருக்கோ தலை மட்டும்தான் வெளியே. கயிறு தேடிக் குனிந்து நிமிர்வதற்குள் அலைக்குள் தலை மறைந்துவிடும். கடலில் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள் இதற்கென்றே ஒருவரை நிறுத்துவார்கள். விழுந்தவரை நோக்கிக் கையை நீட்டியபடியே இருப்பதுதான் அவர் வேலை, வேறெதையும் தொடமாட்டார். நமக்கும் அதுவே சரி. காற்று வரும் திசையிலிருந்து அணுகினால் பரிசல் தானாக அவரிடம் போகும். எதிர்ப்பக்கம் நின்றால் விலகிக்கொண்டே போகும்.

காப்பாற்றுகிறேன் என்று குதிக்காதீர்கள். மூழ்குகிறவர் கைக்குக் கிடைத்ததைப் பிடித்து அமுக்குவார், நீச்சல் தெரிந்தவரும் போய்விடுவார். மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் கேனை வீசுங்கள், ஒரு ஆளைத் தாங்கும். துடுப்பு, கயிறு, வேட்டி எதுவானாலும் சரி. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் மூன்று பெண்கள் கட்டியிருந்த புடவையை அவிழ்த்து வீசி இரண்டு இளைஞர்களைக் கரையேற்றினார்கள். லைஃப் ஜாக்கெட் போட்டால் வாரைப் பூட்டுங்கள். பூட்டாத ஜாக்கெட் தண்ணீரில் முகத்துக்கு மேலே ஏறிவிடும்.

கரைக்கு வந்ததும் நம் ஊரில் செய்யும் ஒன்றைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், நிறுத்துங்கள். குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள். வாந்தி வந்து மூச்சுக்குழாயில் இறங்கும், பொன்னான நேரமும் போகும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று விடாமல் தொடருங்கள். இன்னொருவர் 108-க்கு அழைக்கட்டும்.

எழுந்து உட்கார்ந்து பேசுகிறார் என்றாலும் வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். எங்கள் மச்சானும் டீ குடித்துவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார். சாயந்திரம் இருமல் நிற்காமல் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள்.